வெள்ளத்துக்கு வழி வெட்டியவர்கள்: அசினிபோயின் நதியும் செயின்ட் மார்ட்டின் ஏரியின் பூர்வகுடிகளும்

2011 மே மாதம், கனடாவின் மனிடோபா மாகாணத்தில் செயின்ட் மார்ட்டின் ஏரிக்கரையில் வாழ்ந்துவந்த அனிஷினாபே பூர்வகுடி மக்களின் ஊர் முழுவதுமாகக் காலிசெய்யப்பட்டது. சில வாரங்களில் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையில் பைகளோடு புறப்பட்ட குடும்பங்கள் வின்னிபெக் நகரத்து விடுதி அறைகளில் தங்கவைக்கப்பட்டன. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2017-இல்தான் முதல் குடும்பங்கள் புதிதாகக் கட்டப்பட்ட ஊருக்குத் திரும்பத் தொடங்கின. பழைய ஊர் இனி வாழத் தகுதியற்றது என்று கைவிடப்பட்டது.

இந்நிகழ்வை ஊடகங்கள் "இயற்கைப் பேரிடர்" என்றே எழுதின. அந்த ஆண்டு மனிடோபாவில் வரலாறு காணாத வெள்ளம் வந்தது உண்மை. ஆனால் அந்த வெள்ளம் பெருகிய அசினிபோயின் நதி செயின்ட் மார்ட்டின் ஏரி வழியாக ஓடும் நதியே அல்ல. தெற்கே, வெகு தொலைவில், சமவெளியின் குறுக்காக ஓடி வின்னிபெக் நகரின் நடுவில் செந்நதியோடு கலக்கும் நதி அது. அந்த நதியின் நீர் இந்த ஏரிக்கு எப்படி வந்தது? யார் கொண்டுவந்தார்கள்? எப்போது, யாரைக் கேட்டு? இக்கேள்விகளுக்கு விடை தேடினால் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியின் அறுபதாண்டு அரசியல் வெளிப்படும். மழையும் பனியும் இயற்கையின் வேலை. அந்த நீர் யார் வீட்டுக்குள் போகவேண்டும் என்பது மனிதர்கள் கூடி எடுத்த முடிவு.

குட்டைகளின் நிலம்

அசினிபோயின் நதி சஸ்காட்செவன் மாகாணத்தின் கிழக்குப் பகுதியில் தோன்றி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் வளைந்து வளைந்து ஓடி வின்னிபெக்கை அடைகிறது. மேற்கிலிருந்து குவாப்பெல் நதியும், அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவுக்குள் இறங்கி மீண்டும் கனடாவுக்குள் ஏறிவரும் சூரிஸ் நதியும் இதன் முக்கியத் துணைநதிகள். இவற்றையும் சேர்த்தால் நீர்ப்பிடிப்புப் பகுதி ஏறத்தாழ 1,80,000 சதுர கிலோமீட்டர். பரப்பு இவ்வளவு பெரியதாயினும் இது வறண்ட நிலம். ஆண்டு மழையும் பனியும் சேர்ந்து பெரும்பாலான இடங்களில் 500 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. வெயிலும் காற்றும் குடிக்கக்கூடிய நீரின் அளவு பெய்யும் அளவைவிட அதிகம்.

இந்நிலத்தின் நீரியலைப் புரிந்துகொள்ள இரண்டு செய்திகள் தேவை. முதலாவது, பனி. ஆண்டுப் பொழிவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பனியாக விழுகிறது. ஆனால் நிலத்தின் மேல் ஓடி ஓடைகளைச் சேரும் நீரில் பெரும்பகுதி பனி உருகி வருவதே. கோடை மழையை வறண்ட மண்ணும் பயிரும் உறிஞ்சிக்கொள்ளும். ஏப்ரலில் பனி உருகும்போதோ மண் உறைந்து கல்போல் கிடக்கும். நீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலேயே ஓடும். ஆகவே ஆண்டு முழுவதற்குமான நீர் சில வாரங்களில் வந்துவிடுகிறது.

இரண்டாவது, குட்டைகள். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பெரும் பனிப்பாறைகள் பின்வாங்கியபோது நிலத்தில் எண்ணற்ற பள்ளங்களை விட்டுச்சென்றன. சமவெளி எங்கும் சிறு குட்டைகளும் சதுப்புகளும் சிதறிக் கிடக்கின்றன. இவற்றில் பலவற்றுக்கு ஓடையோடு தொடர்பே இல்லை. உருகிய பனிநீர் அருகிலுள்ள பள்ளத்தில் தேங்கும். அது நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த பள்ளத்துக்குப் போகும். நமது ஏரிச் சங்கிலிகளில் நடப்பது போன்ற செயல்தான் இது, ஆனால் கரையும் கலிங்கும் கட்டாமல் நிலமே செய்வது. சாதாரண ஆண்டுகளில் நீர்ப்பிடிப்புப் பகுதியின் பெரும்பங்கு நதிக்கு ஒரு சொட்டும் தருவதில்லை. நீரியலாளர்கள் இத்தகைய நிலத்தைப் "பங்களிக்காத பரப்பு" என்றே வகைப்படுத்துகிறார்கள்.

அந்தப் பெயர் ஏமாற்றக்கூடியது. நதிக்கு நீர் தராமல் இருப்பதே அக்குட்டைகளின் பங்களிப்பு. அவை வெள்ளத்தைப் பிடித்து வைக்கின்றன, நிலத்தடிக்கு மெல்ல இறக்குகின்றன, வறட்சிக் காலத்தில் கால்நடைக்கும் பறவைக்கும் நீர் தருகின்றன.

மேலே வெட்டிய வடிகால்கள்

ஐரோப்பியக் குடியேற்றம் இந்நிலத்தைக் கோதுமை வயலாக மாற்றியபோது குட்டை என்பது வீண்நிலம் ஆயிற்று. பெரிய இயந்திரங்கள் ஓட்டும் விவசாயிக்கு வயலின் நடுவே கிடக்கும் குட்டை ஒரு தடை. வடிகால் வெட்டி அதன் நீரைச் சாலையோரப் பள்ளத்துக்கு விட்டால் சில ஏக்கர் கூடுதலாக விதைக்கலாம். ஒவ்வொரு விவசாயியின் கணக்கிலும் அது நியாயமான இலாபம். அந்த நீர் அடுத்தவர் நிலத்துக்கு, அங்கிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து நதிக்குப் போகிறது. கடைசியில் அது யாரிடம் போய்ச் சேர்கிறது என்பது எவர் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

அசினிபோயினில் சேரும் ஸ்மித் ஓடை என்ற சிறு நீர்ப்பிடிப்புப் பகுதியைச் சஸ்காட்செவன் பல்கலைக்கழக நீரியலாளர்கள் விரிவாக ஆய்ந்தனர். 1958-இல் அதன் பரப்பில் ஏறத்தாழ 24 விழுக்காடு குட்டைகளும் சதுப்புகளுமாக இருந்தது. 2008-இல் அது பாதிக்கும் கீழாகச் சுருங்கியிருந்தது. 1958-இன் குட்டைகள் அப்படியே இருந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று கணினி மாதிரியால் ஒப்பிட்டபோது, 2011 வெள்ளத்தின் உச்சம் வடிகால்களால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்திருந்தது தெரியவந்தது. ஒரு சிறு ஓடையின் முடிவை முழு நதிக்கும் அப்படியே பொருத்த இயலாது. ஆனால் திசை தெளிவு: மேலே பிடித்துவைக்கும் நிலம் குறையக் குறைய, கீழே வந்து சேரும் வெள்ளம் கூடுகிறது. சஸ்காட்செவனில் வடிகால்கள் பெருமளவில் அனுமதியின்றியே வெட்டப்பட்டுள்ளன என்பதை மாகாணத் தணிக்கையாளரே சுட்டிக்காட்டியிருக்கிறார்.

இதே நீர்ப்பிடிப்புப் பகுதியின் மேற்புறத்தில் பூர்வகுடிகளுக்கு இதற்கு நேர்மாறான அநீதி நடந்தது. 1940-களில் கூட்டரசின் வேளாண் மறுவாழ்வு நிறுவனம் குவாப்பெல் ஏரிகளில் விவசாயிகளின் பாசனத்துக்காகக் கதவணைகள் கட்டி நீர்மட்டத்தை உயர்த்தியது. பள்ளத்தாக்கிலிருந்த பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலங்களின் வைக்கோல் புல்வெளிகள் நீரில் மூழ்கின. அம்மக்களின் ஒப்புதல் பெறப்படவில்லை. குடியேறியவர்களின் நிலத்திலிருந்து நீர் வடிக்கப்பட்டது. பூர்வகுடிகளின் நிலத்தில் நீர் தேக்கப்பட்டது. நீர் எங்கே தேவை, எங்கே தொல்லை என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் இரண்டு இடங்களிலும் ஒரே தரப்பிடம் இருந்தது.

உள்ளே வர வாய்க்கால், வெளியே போக வழியில்லை

1950-இல் செந்நதி பெருகி வின்னிபெக் நகரம் மூழ்கியது. பல்லாயிரக்கணக்கானோர் நகரத்தைவிட்டு வெளியேறினர். அதன்பின் நகரத்தைக் காப்பதற்கான வழிகளை ஆராய ஓர் அரசு ஆணையம் அமைக்கப்பட்டு, 1958-இல் அறிக்கை வந்தது. ஆணையத்தின் பெயரிலேயே அதன் அணுகுமுறை இருந்தது: வெள்ளத்தின் செலவு–நன்மைக் கணக்கு. மூன்று பெரும் கட்டுமானங்கள் எழுந்தன. நகரத்தைச் சுற்றிச் செந்நதியைத் திருப்பும் வெள்ளக் கால்வாய் 1968-இல் முடிந்தது. அசினிபோயினின் மேற்பகுதியில் ஷெல்மவுத் அணை 1970-களின் தொடக்கத்தில் முடிந்தது. நம் கதைக்கு மையமானது மூன்றாவது: 1970-இல் முடிந்த போர்டேஜ் திருப்புக் கால்வாய்.

போர்டேஜ் லா ப்ரேரி என்ற ஊரருகே அசினிபோயினின் குறுக்கே கதவணை. அங்கிருந்து வடக்கு நோக்கி 29 கிலோமீட்டர் நீளக் கால்வாய். விநாடிக்கு 25,000 கன அடி நீரை நதியிலிருந்து எடுத்து மனிடோபா ஏரியில் கொட்டும் வகையில் அது வடிவமைக்கப்பட்டது. அசினிபோயின் பெருகும்போது அதன் நீர் வின்னிபெக்குக்குப் போகாமல் ஏரிக்குப் போகும்.

மனிடோபா ஏரி ஏறத்தாழ 4,700 சதுர கிலோமீட்டர் பரப்புடையது, ஆனால் ஆழம் குறைந்தது. அதிலிருந்து நீர் வெளியேற ஒரே வழி ஃபேர்ஃபோர்ட் நதி. அந்நதி செயின்ட் மார்ட்டின் ஏரியில் விழுகிறது. அங்கிருந்து டாஃபின் நதி வழியாக வின்னிபெக் ஏரிக்குப் போகிறது. செயின்ட் மார்ட்டின் ஏரி மனிடோபா ஏரியோடு ஒப்பிட மிகச் சிறியது. பெரிய தொட்டியின் நீர் சிறிய தொட்டியின் வழியாகத்தான் வடியவேண்டும். அச்சிறிய ஏரியின் கரையிலும் அதன் இருபுற நதிகளிலும்தான் செயின்ட் மார்ட்டின் ஏரி, பினேமூட்டாங், லிட்டில் சஸ்காட்செவன், டாஃபின் நதி ஆகிய நான்கு பூர்வகுடிச் சமூகங்கள் வாழ்கின்றன.

திருப்புக் கால்வாய்க்கு முன்பே, 1961-இல், ஃபேர்ஃபோர்ட் நதியில் ஒரு கதவணை கட்டப்பட்டிருந்தது. மனிடோபா ஏரிக்கரையில் பண்ணைகளும் கோடை வீடுகளும் வைத்திருந்தோர் ஏரிமட்டம் ஏறி இறங்குவதை விரும்பவில்லை. கதவணை அம்மட்டத்தை நிலைநிறுத்தியது. மேலே ஏற்ற இறக்கத்தைக் குறைத்தால் அது கீழே இடம்பெயரும். ஏரி உயரும்போது மதகு திறந்து கீழே விடப்பட்ட நீர், செயின்ட் மார்ட்டின் ஏரியை அடிக்கடி கரைமீறச் செய்தது. வைக்கோல் புல்வெளிகள் அழிந்தன. கால்நடை வளர்ப்பு நலிந்தது. கரைச் சதுப்புகளை நம்பியிருந்த கண்ணிவேட்டையும் மீன்பிடியும் குறைந்தன. அம்மக்களைப் பொறுத்தவரை வெள்ளம் 2011-இல் தொடங்கவில்லை. அரை நூற்றாண்டாக வந்துகொண்டிருந்தது.

1970-க்குப் பிறகு நிலைமை இதுதான்: மனிடோபா ஏரிக்குள் ஒரு நதியின் வெள்ளத்தையே கொண்டுவரும் வாய்க்கால் வெட்டியாயிற்று. அவ்வளவு நீர் வெளியேறுவதற்கு இணையான வழி வெட்டப்படவில்லை. இது பொறியாளர்களுக்குத் தெரியாத செய்தியன்று; கணக்கு எளியது. வரவு இருக்கும் அளவுக்குச் செலவு இல்லையென்றால் மட்டம் உயரும். உயரும் மட்டத்தின் சுமை யார் மேல் விழும் என்பதால்தான் அக்கணக்கு நாற்பதாண்டுகள் முடிக்கப்படாமல் கிடந்தது.

2011: நீர் வந்த வழி

2010 இலையுதிர்காலம் ஈரமானது. மண் நிறைந்த நிலையிலேயே உறைந்தது. அதன்மேல் கனத்த பனி. 2011 வசந்தத்தில் அது உருகும்போது மழையும் சேர்ந்துகொண்டது. குட்டைகளில் இடமில்லை; வழக்கமாக நதிக்கு நீர் தராத நிலமும் மறுகால் பாய்ந்து நதிக்கு நீர் தந்தது. குவாப்பெல், சூரிஸ், அசினிபோயின் மூன்றும் ஒருசேரப் பெருகின.

மே மாதத்தில் போர்டேஜ் திருப்புக் கால்வாயின் கரைகள் அவசரமாக உயர்த்தப்பட்டு, வடிவமைத்த அளவையும் மீறிய நீர் மனிடோபா ஏரிக்குள் அனுப்பப்பட்டது. மே 14 அன்று போர்டேஜுக்குக் கிழக்கே ஹூப் அண்ட் ஹாலர் வளைவு என்னுமிடத்தில் அரசே நதிக்கரையை வெட்டிச் சிறிதளவு நீரை வயல்களுக்குள் விட்டது. தொலைக்காட்சிகள் அந்த வெட்டை நேரலையில் காட்டின. நூற்றைம்பது வீடுகள் ஆபத்தில் இருந்தன என்பதால் அது பெரும் விவாதமாயிற்று. வாரக்கணக்கில் வடக்கே பாய்ந்துகொண்டிருந்த அதைவிடப் பன்மடங்கு பெரிய நீர் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

மனிடோபா ஏரியின் விரும்பத்தக்க மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 810.5 முதல் 812.5 அடி. ஜூலையில் அது 817 அடியைத் தொட்டது. அந்த ஏரிக்கரையில் வெள்ளையின விவசாயிகளின் பண்ணைகளும் கோடை வீடுகளும் அழிந்தன. அவர்களும் பெருந்துயருற்றார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஃபேர்ஃபோர்ட் மதகுகள் முழுதும் திறந்திருந்தன. அந்நீரெல்லாம் செயின்ட் மார்ட்டின் ஏரிக்குள் இறங்கியது. தாழ்வான கரையில் இருந்த ஊர்கள் மூழ்கின.

அப்போதுதான், பல பத்தாண்டுகளாக இயலாது, செலவு அதிகம், ஆய்வு தேவை என்று தள்ளிப்போடப்பட்ட வேலை தொடங்கியது. செயின்ட் மார்ட்டின் ஏரியிலிருந்து நீரை வெளியேற்ற ஓர் அவசரக் கால்வாய் சில மாதங்களில் சதுப்புக்காட்டின் ஊடே வெட்டப்பட்டு, 2011 நவம்பர் 1 அன்று திறக்கப்பட்டது. இந்த நாளை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சில மாதங்களில் வெட்டக்கூடிய கால்வாய் நாற்பதாண்டுகளாக வெட்டப்படாமல் இருந்ததற்குப் பொறியியல் காரணமில்லை என்பதற்கு அதுவே சான்று.

2014-இல் வெள்ளம் மீண்டும் வந்தது. இம்முறை பனி உருகலால் அல்ல. ஜூன் இறுதியில் பெய்த பெருமழையால். மண் உலர்ந்து மழையை உறிஞ்சவேண்டிய கோடையில் அசினிபோயின் வெள்ளப்பெருக்கு எடுத்தது. திருப்புக் கால்வாயில் நீர் மறுபடியும் வடிவமைத்த அளவைத் தாண்டியது. அவசரக் கால்வாய் மறுபடியும் திறக்கப்பட்டது. நூறாண்டுகளின் பனிவெள்ளக் கணக்கைக் கொண்டு கட்டப்பட்ட அமைப்பு மாறிவரும் காலநிலைக்கு ஈடுகொடுக்குமா என்ற கேள்வி அன்றுமுதல் நிலைத்திருக்கிறது.

யாரைக் கேட்டார்கள்?

பூர்வகுடிகளுக்கும் பிரிட்டிஷ் முடியரசுக்குமான இரண்டாம் உடன்படிக்கை 1871-இல் மனிடோபா ஏரிக்கரையில்தான் கையெழுத்தானது. அதன்வழியே இச்சமூகங்களுக்கு ஒதுக்கீட்டு நிலங்கள் வரையறுக்கப்பட்டன. மீனும் நீர்ப்பறவையும் வைக்கோலும் தரும் நீர்க்கரை அவர்களுக்கு வாழ்வாதாரம். அக்கரையை வாழத்தகாததாக்கும் அதிகாரத்தை அவர்கள் எவருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை.

1876-இன் இந்தியன் சட்டம் அவர்களை அரசின் பாதுகாப்பிலுள்ள சிறார்போல நடத்தியது. 1927 முதல் 1951 வரை, நில உரிமை கோரி வழக்கு நடத்தப் பணம் திரட்டுவதும் வழக்கறிஞர் அமர்த்துவதும் அரசு அனுமதியின்றிக் குற்றமாக இருந்தது. 1930-இல் கூட்டரசு மனிடோபாவின் பொது நிலங்களையும் இயற்கை வளங்களையும் மாகாணத்திடம் ஒப்படைத்தபோது பூர்வகுடிகள் பேச்சுவார்த்தை மேசையில் இல்லை. மாகாணத் தேர்தலில் அவர்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1952-இல். தம் சட்டபூர்வ உரிமைகளை இழக்காமலே கூட்டரசுத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை கிடைத்தது 1960-இல். ஃபேர்ஃபோர்ட் கதவணை கட்டப்பட்டது 1961-இல். அதாவது, திட்டம் ஆராயப்பட்டுத் தீட்டப்பட்ட ஆண்டுகளின் பெரும்பகுதியில், அதனால் மூழ்கப்போகிறவர்கள் அந்நாட்டின் முழு வாக்காளர்களாகவே இல்லை.

அதிகாரப் பிரிவினையும் அவர்களுக்கு எதிராகவே இயங்கியது. மதகைத் திறப்பதும் மூடுவதும் மாகாண அரசின் கையில். ஒதுக்கீட்டு நிலமும் அங்குள்ள மக்களும் கூட்டரசின் பொறுப்பில். வெள்ளம் வந்தால் மாகாணம் கூட்டரசைக் காட்டும், கூட்டரசு மாகாணத்தைக் காட்டும். ஃபேர்ஃபோர்ட் சமூகம், இன்றைய பினேமூட்டாங், தொடுத்த வழக்கில் 1990-களின் இறுதியில் கூட்டரசு நீதிமன்றம், வெள்ளத்துக்குள்ளான ஒதுக்கீட்டு நிலங்களின் இழப்பீடு தொடர்பில் கனடா அரசு தன் பொறுப்பாளர் கடமையில் தவறியது என்று கண்டது. கதவணை கட்டி ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு அது. அதன் பிறகும் மதகு அப்படியே இருந்தது. 2011 வந்தது.

2012-இல் நான்கு சமூகங்களின் மக்கள் கூட்டு வழக்குத் தொடர்ந்தனர். அதைக் கூட்டு வழக்காக ஏற்க முதலில் நீதிமன்றம் மறுத்தது; மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் ஏற்றது. 2018 ஜனவரியில் 9 கோடி டாலர் சமரசத் தொகைக்கு நீதிமன்ற ஒப்புதல் கிடைத்தது. ஆயிரக்கணக்கானோருக்கு அது பங்கிடப்பட வேண்டும். வெள்ளத்தால் மாகாணத்துக்கு ஏற்பட்ட மொத்தச் செலவு 100 கோடி டாலருக்கும் மேல் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

விடுதி அறைகளில் கழிந்த ஆண்டுகள்

பணத்தில் அடங்காத இழப்பும் உண்டு. ஏரிக்கரையில் வளர்ந்த குழந்தைகள் விடுதித் தாழ்வாரங்களில் வளர்ந்தார்கள். மீன்வலை வீசத் தெரிந்த முதியவர்கள் நெடுஞ்சாலையோர அறைகளில் நாளைக் கழித்தார்கள். சமையலறை இல்லாத அறையில் உணவும் உதவிப்பணமும் பிறர் தீர்மானிப்பதாயிற்று. பலர் வீடு திரும்பாமலே இறந்தனர். பேச்சும் சடங்கும் வேட்டையும் கற்றுக்கொடுக்கும் தலைமுறைக்கும் கற்றுக்கொள்ளும் தலைமுறைக்கும் இடையே ஆறு ஆண்டு இடைவெளி விழுந்தது. கனடாவின் உறைவிடப் பள்ளிகள் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு இவ்விடைவெளியின் பொருள் விளங்கும்.

ஏரிக்கரைப் பண்ணையாளரும் துயருற்றார் என்றோம். அவரது இழப்பு பெரிது. ஆனால் அவருக்குத் தன் நிலத்தின் மீது முழு உடைமை உண்டு, அதை விற்றோ அடகுவைத்தோ வேறிடம் போகலாம். ஒதுக்கீட்டு நிலத்தின் சட்ட உடைமையோ முடியரசிடம் இருக்கிறது; அங்கு வாழ்பவர் அதை விற்க முடியாது, வங்கியில் காட்டிக் கடன் வாங்கவும் எளிதில் இயலாது. ஒரே மட்டத்தில் ஏறிய நீர் இருவரையும் ஒரே நிலையில் விட்டுச்செல்லவில்லை.

நகரத்தைக் காத்திருக்கக் கூடாதா?

திட்டத்தை ஆதரிப்போர் கேட்கும் கேள்வி இது. வின்னிபெக் ஏழு லட்சம் மக்களின் நகரம். அது மூழ்கியிருந்தால் இழப்பு பல மடங்கு. சில ஆயிரம் பேர் வாழும் பகுதிக்கு நீரைத் திருப்புவது தவிர்க்க முடியாத தேர்வல்லவா?

நகரத்தைக் காக்கக்கூடாது என்று பாதிக்கப்பட்டோர் எவரும் சொல்லவில்லை. அவர்கள் கேட்பது வேறு. காப்பதற்கான விலையை நிரந்தரமாக ஒரே சமூகம் செலுத்தவேண்டும் என்று எங்கே முடிவானது? நன்மையைக் கணக்கிட்டவர்கள், மூழ்கும் நிலத்தின் செலவை ஏன் அதே தாளில் எழுதவில்லை? செலவு–நன்மைக் கணக்கில் ஒரு நகர வீட்டுக்குச் சந்தை மதிப்பு உண்டு. விற்க முடியாத ஒதுக்கீட்டு நிலத்துக்கும் கண்ணிவேட்டைச் சதுப்புக்கும் அத்தகைய மதிப்பு இல்லை. மதிப்பில்லாத இடத்துக்கு நீரை அனுப்புவதே சிக்கனம் என்று கணக்கு சொல்லும். அம்மதிப்பின்மையை உண்டாக்கியதும் சட்டம்தான் என்பதைக் கணக்கு சொல்லாது.

இது ஒரு தனி நிகழ்வுமல்ல. வின்னிபெக் நகரம் குடிக்கும் நீர் 1919 முதல் கிழக்கே ஷோல் ஏரியிலிருந்து நெடுங்குழாய் வழியாக வருகிறது. அதற்காகத் தம் நிலத்தை இழந்து, வெட்டப்பட்ட கால்வாயால் தீவாக்கப்பட்ட ஷோல் ஏரி 40 என்ற பூர்வகுடிச் சமூகம், 1990-களின் இறுதி முதல் 2021 வரை தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கவேண்டும் என்ற எச்சரிக்கையின் கீழ் வாழ்ந்தது. அவர்களை வெளியுலகோடு இணைக்கும் சாலை 2019-இல்தான் திறக்கப்பட்டது. நகரத்துக்கு நல்ல நீர் ஒரு பூர்வகுடி ஊரிலிருந்து வருகிறது. நகரத்துக்கு வேண்டாத நீர் இன்னொரு பூர்வகுடி ஊருக்குப் போகிறது.

தீர்வு என்ற பெயரில்

இப்போது நிரந்தரத் தீர்வாக முன்வைக்கப்படுவது இரண்டு பெரும் கால்வாய்கள்: மனிடோபா ஏரியிலிருந்து செயின்ட் மார்ட்டின் ஏரிக்கு ஒன்று, அங்கிருந்து வின்னிபெக் ஏரிக்கு மற்றொன்று. 2018-இல் 54 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட திட்டம் இது. வெளியேறும் வழி தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்பகுதிப் பூர்வகுடிச் சமூகங்கள் பல இத்திட்டத்தின் வடிவத்தைக் கேள்விக்குட்படுத்துகின்றன. கால்வாய் நிலத்தடி நீரையும் ஈரநிலங்களையும் என்ன செய்யும்? வண்டலோடு பாயும் நீர் வின்னிபெக் ஏரியின் மீன்வளத்தை என்ன செய்யும்? உறுதியளிக்கப்பட்ட கலந்தாலோசனை உண்மையில் நடந்ததா, அல்லது வரைபடம் முடிந்தபின் காட்டப்பட்டதா? கனடா அரசியலமைப்பின் 35-ஆம் பிரிவும், 2004-இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஹைடா தீர்ப்பும் பூர்வகுடி உரிமைகளைப் பாதிக்கும் முடிவுகளுக்கு முன் அவர்களைக் கலந்தாலோசிப்பது அரசின் கடமை என்று நிறுவியுள்ளன. ஆனால் கலந்தாலோசிப்பது வேறு, ஒப்புதல் பெறுவது வேறு.

கால்வாய் மட்டுமே தீர்வாகாது என்பதையும் நீரியல் சொல்கிறது. மேற்புறத்தில் குட்டைகள் தொடர்ந்து வடிக்கப்பட்டால் கீழே எவ்வளவு பெரிய கால்வாயும் ஒருநாள் போதாமல் போகும். வடிகாலைக் கட்டுப்படுத்துவதும் இழந்த ஈரநிலங்களை மீட்பதும் வெள்ளத்தைக் குறைக்கும். 2021 போன்ற கடும் வறட்சி ஆண்டுகளில் நீரையும் காக்கும். ஆனால் அச்செலவை மேல்புற விவசாயியும் இரு மாகாணங்களும் ஏற்கவேண்டியிருக்கும். பாதிப்பைக் கீழே தள்ளிவிடுவது அதைவிட எளிது என்பதால்தான் அந்த வழி பின்னுக்குப் போகிறது.

நாம் கற்கவேண்டியது

குடியேற்றக் காலனியமும் சாதியும் ஒன்றல்ல. ஒன்றின் சொற்களை மற்றொன்றின் மேல் அப்படியே போர்த்துவது இரண்டையும் மறைத்துவிடும். செயின்ட் மார்ட்டின் ஏரியின் மக்கள் உடன்படிக்கை செய்துகொண்ட தனித்த தேசங்கள். அவர்களது கோரிக்கை அந்த அடித்தளத்தில் நிற்கிறது. அதை அவர்களது சொற்களிலேயே கேட்கவேண்டும்.

ஆயினும் அவர்களது அனுபவம் எந்த நாட்டுச் செயற்பாட்டாளருக்கும் பயன்படும் ஒரு வாசிப்பு முறையைத் தருகிறது. வெள்ளம் வந்தபின் நிவாரணம் கேட்பதோடு நின்றுவிடாமல், வெள்ளம் வருமுன் மதகின் விதிகளைக் கேட்கவேண்டும். எந்த மட்டத்தில் எந்தக் கதவு திறக்கப்படும், அம்மட்டத்தை யார், எந்த ஆண்டில், யாருடைய வேண்டுகோளின்பேரில் நிர்ணயித்தார்கள் என்பவை எல்லாம் ஆவணங்களில் இருக்கின்றன. 810.5, 812.5 என்ற எண்கள் இயற்கை தந்தவையல்ல. ஒரு கரையில் வீடு வைத்திருந்தோரின் வசதி அவ்வெண்களுக்குள் எழுதப்பட்டிருந்தது. மறுகரையில் இருந்தோரின் வாழ்க்கை எழுதப்படவில்லை.

செயின்ட் மார்ட்டின் ஏரி மக்கள் உயரமான புதிய இடத்தில் தங்கள் ஊரை மீண்டும் அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். போர்டேஜில் கதவணை இன்றும் இயங்குகிறது. அடுத்த பெருவெள்ளத்தின்போது அது மறுபடியும் உயர்த்தப்படும். நீர் மறுபடியும் வடக்கே திரும்பும். அதற்குள் வெளியேறும் வழி அமையுமா, அமைந்தால் அது அம்மக்களின் ஒப்புதலோடு அமையுமா என்பதுதான் 1961 முதல் விடை கிடைக்காமல் நிற்கும் கேள்வி.